டிரில் டீச்சரின் மகள்

நம்மோடு படித்தவர்களில் பாதிப் பேருக்காவது குட்டிக்கரணம் அடிக்கச் சொல்லிக்கொடுத்தது என் அம்மாதான். உங்களுக்கு அது ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. கணக்குச் சொல்லித்தந்தவரையும் அடித்தவரையும் யாரும் மறப்பதில்லை. ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லித்தந்தவரை யார் நினைத்து வைத்திருக்கிறார்கள்? நமக்கெல்லாம் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. நீங்களும் மறந்துபோவதற்குள் அந்த ஒரு வருஷத்தைச் சொல்லிவிடுகிறேன். அதில் என் அம்மா செய்த தப்பும் உண்டு, நான் செய்த தப்பும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் சொன்னால்தான் அம்மாவைப் பற்றி நான் பெருமைப்படுவதற்குப் பொருள் இருக்கும்.

பாறசாலையிலிருந்து பனச்சமூட்டுக்குப் போகிற வழியில், தமிழ்ப் பிரிவும் மலையாளப் பிரிவும் ஒரே முற்றத்தில் நடந்த பள்ளிக்கூடம் அது. தொண்ணூறுகளின் தொடக்கம். ஒன்று முதல் ஏழு வரை எல்லா வகுப்புக்கும் ஒரே டிரில் டீச்சர், என் அம்மா. மற்ற டீச்சர்கள் எல்லாம் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு, குடையும் கைப்பையுமாக அடக்கமாக வருவார்கள். அம்மா சேலைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகியிருப்பாள். காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. பாலிஷ் வாங்குவதில்லை. வகுப்புகளில் பொறுக்கிய சாக்பீஸ் துண்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தக் குழம்பைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பூசுவாள். காய்ந்த பிறகு நடந்தால் கொஞ்ச தூரத்துக்கு வெள்ளைப் பொடி உதிர்ந்துகொண்டே வரும். நான் பத்தடி தள்ளித்தான் அவள் பின்னால் நடப்பேன். எனக்கு வெட்கம்.

மைதானத்தில் கோடு போடச் சுண்ணாம்புத் தூள் கிடையாது. அரிசி மில்லில் இருந்து உமிச் சாம்பல் கொண்டுவந்து, அடியில் ஓட்டை போட்ட பால்பொடி டின்னில் நிறைத்து, குனிந்தபடியே கோடு போட்டுக்கொண்டு போவாள். செம்மண்ணில் அந்தச் சாம்பல் கோடு நேர்த்தியாக விழும். ஒரு மழை பெய்தால் போய்விடும். மறுநாள் திரும்பவும் போடுவாள். ஜூன், ஜூலை மாதங்களில் அவள் போட்டு மழை அழித்த கோடுகளைச் சேர்த்து நீட்டினால் நெய்யாற்றின்கரை வரை போகும் என்று அப்பா கிண்டல் செய்வார்.

அப்பா பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தர். அம்மா மேற்கொண்டு படித்து ‘நிஜமான’ டீச்சர் ஆகவேண்டும் என்பது அவர் ஆசை. அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சாயங்காலம் வந்து கிணற்றடியில் காலைக் கழுவும்போதே அன்றைய கதையைத் தொடங்கிவிடுவாள். பந்து வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்ளும் ஒரு பையன், இன்றைக்குக் கண்ணைத் திறந்து வைத்திருந்தானாம். பிடிக்கவில்லை, பந்து நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது. ஆனால் கண் திறந்திருந்தது. வராந்தாப் படியிலிருந்து கீழே குதிக்கப் பயந்து மூன்று மாதமாக அழுத ஒன்றாம் வகுப்புப் பெண், இன்றைக்குச் சாடிவிட்டு, தானே திரும்ப ஏறிப் போய் ஏழு முறை சாடினாளாம். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், இதையா பெரிய காரியமாகச் சொல்லுகிறாய் என்பார். “அந்தக் கொச்சுப் பிள்ளைக்கு அது பெரிய காரியமாக்கும்,” என்று அம்மா சொல்லிவிட்டுச் சோறு வைக்கப் போவாள்.

நான் நாலாம் வகுப்பு. என் வயதில் என்னை ஓட்டத்தில் ஜெயிக்க ஆள் இல்லை. அம்மா அதை ஒருநாளும் அந்தக் கிணற்றடிக் கதைகளில் சேர்த்ததில்லை. சொந்தப் பிள்ளையைச் சொல்லக் கூடாது என்று நினைத்திருப்பாள். எனக்கு அது புரியவில்லை. ஜெயித்துக்கொண்டே இருந்தால் என்றைக்காவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன்.

அந்த ஜூனில்தான் பொழியூர்க்காரி வந்தாள். நாம் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டோம். அவளுடைய அப்பா பொழியூர்க் கடற்கரையிலிருந்து மீன்பிடிக்கப் போகிறவர். அவள் அம்மா தினமும் மீன் கூடையோடு பஸ் ஏறிப் பாறசாலைச் சந்தைக்கு வருகிறவர். கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் மகள் டீச்சர்கள் சொல்வதைக் கேட்பதில்லை என்று பெயர் வாங்கிவிட்டாள். அதனால் தன் கண் எட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று நம் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். மழையில் நனைந்த கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றபடி மகளை உள்ளே அனுப்பியது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. கூடையிலிருந்து வடிந்த தண்ணீர் அவர் கழுத்தில் ஓடியது. உள்ளே வந்தால் நாற்றம் என்று யாராவது சொல்லுவார்கள் என்று அவர் பயந்திருக்க வேண்டும்.

பொழியூர்க்காரி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் உரக்கப் பேசுவாள். ‘பஸ்’ என்பதை ‘ப’ என்பாள். ‘டீச்சர்’ என்பதில் நடுவில் ஓர் எழுத்து காணாமல் போய்விடும். கடற்கரைப் பேச்சு என்று நாம் சிரித்தோம். பெரியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். கடற்கரைப் பிள்ளைகள் யாரும் அப்படிப் பேசுவதில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

முதல் டிரில் பீரியடிலேயே அவள் ஓட்டம் எனக்குப் பயம் தந்தது. சாம்பல் கோட்டிலிருந்து பலாமரம் வரை ஓடவேண்டும். நான்தான் முதலில் தொட்டேன். ஆனால் பலாமரத்தை நான் தொட்ட கையை எடுப்பதற்கு முன்பே அவள் கையும் அங்கே இருந்தது. மூச்சுகூட வாங்கவில்லை. அடுத்த முறையும் அப்படியே. விசில் ஊதியதும் நான் கிளம்புவேன், ஒரு கணம் கழித்து அவள் கிளம்புவாள். அந்த ஒரு கணத்தைத்தான் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

அவள் எதைப் பார்த்துக் கிளம்புகிறாள் என்பதை ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டேன். அவள் பார்த்தது என் இடது குதிகாலை. அது தரையிலிருந்து எழுந்த பிறகுதான் அவள் காலை எடுப்பாள்.

ஓண விடுமுறைக்கு முந்தைய வாரம், அம்மாவின் பையிலிருந்து பழைய விசில் ஒன்றை எடுத்துவந்தேன். இடைவேளையில் அவள் வராந்தா ஓரத்தில் உட்கார்ந்து, மடியில் புளியங்கொட்டைகளை வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் போய் நின்று, கன்னம் வலிக்க ஊதினேன். முற்றத்தில் ஓடியவர்கள் நின்றுவிட்டார்கள். ஓட்டின் மேல் இருந்த காக்கைகள் பறந்தன. அவள் புளியங்கொட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. திரும்பவும் இல்லை.

அன்று சாயங்காலம் அம்மா கிணற்றடியில் காலைக் கழுவும்போது சொல்லிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா யாரோ ஒரு பையன் கயிற்றில் மூன்று தரம் சாடியதைச் சொல்லத் தொடங்கினாள். நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பத்து வயதில் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு யோசனை இருக்குமா என்று கேட்காதீர்கள். இருந்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வந்ததும் விளையாட்டு விழாவுக்கு ஏற்பாடு தொடங்கியது. ரப்பர் இலைகள் சிவந்து உதிர்கிற காலம். மைதானத்தில் இருந்து செம்மண் தூசி கிளம்பி நம் சட்டைக் காலர்களில் ஏறும். அந்த வருஷம் மேலதிகாரி ஒருவர் வருவதாக இருந்ததால் ஹெட்மாஸ்டருக்குப் பதற்றம். அணிவகுப்பு பிசகக் கூடாது என்று தினமும் வந்து நின்று பார்த்தார். அம்மா விசிலை ஊதி ஊதித் தாளம் கொடுப்பாள். நூறு பிள்ளைகளின் கால் ஒன்றாக விழும். பொழியூர்க்காரியின் கால் மட்டும் அரைக்கணம் தாமதமாக விழும். திரும்பு என்றால் எல்லோரும் திரும்பிய பிறகு திரும்புவாள். நில் என்றால் முன்னால் நிற்பவளின் முதுகில் போய் முட்டுவாள்.

ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர்தான். ஆனால் கோபம் வந்தால் மலையாளமும் தமிழும் கலந்துவிடும். இந்தக் குட்டிக்கு அனுசரணை கிடையாது என்று சொன்னார். கீழ்ப்படிதல் இல்லை என்று பொருள். பியூன் கூப்பிட்டால் திரும்புகிறாள், பஸ் வந்தால் விலகுகிறாள், ஆகவே காது கேட்கிறது, வேண்டுமென்றுதான் செய்கிறாள் என்பது அவர் தீர்மானம். கடற்கரைப் பிள்ளைகளே இப்படித்தான் என்றும் சொன்னார். விழா முடிந்ததும் அவள் அம்மாவைக் கூப்பிட்டு டி.சி. கொடுத்துவிடலாம் என்றார்.

என் அம்மாவும் சரி என்று தலையாட்டினாள். இதை நான் மறைக்கப்போவதில்லை. அவளும் ஏழு மாதமாகப் பொறுத்துப் பார்த்துக் களைத்திருந்தாள். பொழியூர்க்காரியை வரிசையிலிருந்து எடுத்து, மைதானத்தின் ஓரத்தில் நிற்கும், முந்திரிக்கொட்டை காய்க்கும் கொல்லாமரத்தின் அடியில் நிறுத்தினாள். மூன்று வாரம், தினமும் ஒரு பீரியடு, அவள் அங்கே நின்றாள். அழவில்லை. வரிசையில் நின்ற என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் அவளைக் கேட்காத பிள்ளை என்றார்கள். அந்தச் சொல் எவ்வளவு உண்மை என்று எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நான் கால் தவறாமல் நடந்துகொண்டிருந்தேன்.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, விசில் சத்தம் மைதானத்தின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரவில்லை என்று அம்மாவுக்குத் தோன்றியது. எங்கள் மிஷன் கோயிலில் பாண்டு வாத்தியக் குழுவின் பெரிய டிரம் ஒன்று உண்டு. ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் வெளியே எடுப்பார்கள். கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்குட்டி அதைப் பள்ளிக்கூடத்துக்குத் தர மனமில்லாமல் சாவி காணவில்லை என்றார். அம்மா கோயில் நடையில் உட்கார்ந்துகொண்டாள். சாவி கிடைக்கும் வரை இருக்கிறேன் என்றாள். கொஞ்ச நேரத்தில் சாவி கிடைத்துவிட்டது.

அந்த டிரம்மைத் தோல்வாரில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டு, அம்மா மெயின் ரோட்டில் நடந்தாள். கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். நான் அன்றைக்கு இருபதடி தள்ளி நடந்தேன்.

மறுநாள் காலை நாம் வரிசையில் நின்றோம். பொழியூர்க்காரி வழக்கம்போலக் கொல்லாமரத்தடியில். அம்மா டிரம்மில் முதல் அடி அடித்தாள். அடிவயிற்றில் வந்து இடிக்கும் சத்தம் அது. நாம் நடக்கத் தொடங்கினோம். நாலு தப்படிதான் போயிருப்போம், அம்மா அடிப்பதை நிறுத்திவிட்டாள். நாமும் நின்றோம். அம்மா நம்மைப் பார்க்கவில்லை, மரத்தடியைப் பார்த்தாள். திரும்பவும் அடித்தாள். நாம் குழம்பி நிற்க, அங்கே பொழியூர்க்காரி மட்டும் நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா வேகமாக அடித்தாள், அவள் கால் வேகமானது. மெதுவாக அடித்தாள், மெதுவானது. சட்டென்று நிறுத்தினாள், அவளும் நின்றாள். ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை.

அம்மா டிரம்மைக் கழற்றி ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் கொடுத்தாள். நடந்து போய், மரத்தைச் சுற்றிக்கொண்டு, அவளுக்குப் பின்னால் நின்றாள். விசிலை எடுத்து ஊதினாள். தூரத்தில் நின்ற நாம் எல்லோரும் பழக்கத்தில் காலைச் சேர்த்து விறைத்து நின்றோம். பொழியூர்க்காரி அசையவில்லை. நாம் ஏன் விறைத்தோம் என்று பார்த்து, அவளும் காலைச் சேர்த்துக்கொண்டாள். அம்மா இன்னும் ஒரு எட்டுக் கிட்டே வந்து ஊதினாள். ஒன்றுமில்லை. பிறகு கையைத் தூக்கி ஏழாம் வகுப்புப் பெண்ணுக்குச் சைகை காட்டினாள். டிரம் ஒரு முறை முழங்கியது. பொழியூர்க்காரி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

அம்மா அந்த மரத்தின் வேரிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுதாளா என்று எனக்குத் தெரியாது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா அவளைக் கையைப் பிடித்து நம் வரிசைக்கு முன்னால் கூட்டிவந்தாள். அவள் முகத்துக்கு நேராகத் தன் முகம் வரும்படி மண்ணில் முட்டிபோட்டாள். உதடு நன்றாகத் தெரியும்படி, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள்.

“மூணு வாரம் உன்ன வெளிய நிறுத்தினேன் மக்கா. தப்பு எனக்கதாக்கும். உனக்க மேல ஒரு தப்பும் இல்ல.”

டீச்சர் ஒருவர் பிள்ளையிடம் அப்படிப் பேசி நாம் அதுவரை கேட்டதில்லை. அதற்குப் பிறகும் நான் அதிகம் கேட்டதில்லை. வராந்தாவில் நின்று பார்த்த ஹெட்மாஸ்டர் உள்ளே போய்விட்டார்.

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா என்னையும் அவளையும் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனாள். அவள் அம்மா கல்லில் சாளை மீனைக் கொட்டி வைத்து விற்றுக்கொண்டிருந்தார். அம்மா விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்தது. மகளுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்றும், தான் கூப்பிட்டால் கடற்கரையின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வருவாள் என்றும் சொன்னார். வருஷக்கணக்காக மீன் கூவி விற்று, ஆண்குரல் போலக் கனத்துப்போன குரல் அவருக்கு. அம்மா விசிலை எடுத்து அங்கேயே ஊதினாள். சந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மகள் மட்டும் கல்லில் கிடந்த மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

“ஒரு வயசுல பனிக் காய்ச்சல் பிடிச்சு, மேலெல்லாம் கொதிச்சு, பத்து நாள் கண்ணு தொறக்காம கெடந்தா டீச்சரே,” என்றார். “உயிரு கெடச்சுதேண்ணு நெனச்சேன். வேற என்ன போச்சுண்ணு நான் பாக்கல்ல.”

அந்த வாரமே அம்மா லீவு போட்டு, தாயையும் மகளையும் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கனத்த சத்தங்கள் கேட்கும், மெல்லிய கூர்மையான சத்தங்கள் கேட்காது என்று டாக்டர் சொன்னாராம். விசில் மட்டுமல்ல, பேச்சில் பாதி எழுத்துகள் அவளுக்கு எட்டவே இல்லை. எட்டாத எழுத்தை அவள் எப்படிப் பேசுவாள்? மருந்தில் தீராது, காதில் வைக்கிற கருவி பிறகு உதவலாம், அதுவரை முகத்தைப் பார்த்துப் பேசினால் போதும் என்று சொல்லி அனுப்பினார்.

ஹெட்மாஸ்டருக்கு இப்போது வேறு யோசனை. அப்படியானால் அவளைக் காது கேளாதவர்களுக்கான பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவதுதான் அவளுக்கு நல்லது என்றார். அவர் கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. அம்மா, அதுவரை அவரிடம் நிமிர்ந்து பேசாத அம்மா, அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றாளாம். “அவளுக்கு விசில்தான் கேக்காது சாரே. படிப்பா. ஓடுவா. விழா வரைக்கும் எனக்குத் தாங்க, பொறவு நீங்க முடிவு பண்ணுங்க,” என்று சொல்லியிருக்கிறாள். அவர் சரி என்றார்.

விழா நாளில் அணிவகுப்பு டிரம்மின் தாளத்தில் நடந்தது. முன்வரிசையில் வலது ஓரத்தில் பொழியூர்க்காரி. அந்த ஓரத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கால் வைக்கவேண்டும். வந்த அதிகாரிக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை, அதுதான் அம்மாவுக்கு வேண்டியிருந்தது.

பிறகு நம் வயதுப் பெண்களுக்கான ஓட்டம். எட்டுப் பேர். எனக்கு அடுத்த இடத்தில் அவள். விசில் இல்லை, டிரம்தான் என்று அம்மா எல்லோருக்கும் முன்பே சொல்லியிருந்தாள். குனிந்து நின்றபோது பக்கவாட்டில் பார்த்தேன். அவள் என் குதிகாலைப் பார்க்கவில்லை. நேராகப் பலாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி நின்றதை அதுவரை நான் கண்டதில்லை. ஓடுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

டிரம் முழங்கியது. பாதி தூரம் வரை அவள் தோள் என் தோளுக்கு நேராக இருந்தது. பிறகு அவளுடைய பின்னலைப் பார்த்தேன். பிறகு அவளுடைய முதுகு முழுவதையும் பார்த்தேன். நான் பலாமரத்தைத் தொட்டபோது அவள் திரும்பி நின்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கேலி இல்லாத சிரிப்பு.

அம்மா டிரம் கோலைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். என்னைத் தாண்டி ஓடினாள். அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். வேலிக்கு வெளியே கூடையோடு நின்றிருந்த அவள் அம்மா முதன்முறையாகக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். ஹெட்மாஸ்டரே வந்து அவள் சட்டையில் நீல ரிப்பனைக் குத்தி, “மிடுக்கி” என்றார். கெட்டிக்காரி என்று மலையாளத்தில். சொன்னது அவளுக்குப் புரியாதோ என்று நினைத்து, குனிந்து, முகத்தைப் பார்த்து, இன்னொரு முறை சொன்னார். வேறு பள்ளிக்கூடத்தைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை. என் தலையில் அம்மா கையை வைத்து, நன்றாக ஓடினாய் என்றாள். அது எனக்குப் போதவில்லை.

சாயங்காலம் வீட்டில் நான் சோறு வேண்டாம் என்றேன். அம்மா கேன்வாஸ் ஷூவைக் கழுவிக் கிணற்றடிச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தாள். தோற்றதற்கு அழுகிறேன் என்று நினைத்துச் சமாதானம் சொல்ல வந்தாள். நான் சொல்லிவிட்டேன்.

“அவளுக்கு விசில் கேக்காதுண்ணு எனக்குத் தெரியும். ஓணத்துக்கு முன்னாலேயே தெரியும்.”

அம்மா கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னால் நான் ஜெயிக்கமுடியாது என்றேன். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் அதோடு போயிருக்கும். அவள் ஈர ஷூவின் நாடாக்களை ஒவ்வொன்றாக உருவிப் பிழிந்தாள். தென்னைகளில் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது.

“பத்து வயசுல உனக்குத் தெரிஞ்சது, ஏழு மாசம் முன்னால நிண்ணு பாத்த எனக்குத் தெரியல்ல,” என்றாள் கடைசியில். “அது எனக்க வெக்கம். அத நான் அவகிட்ட சொல்லியாச்சு. உனக்க வெக்கத்த நீதான் சொல்லணும். நான் கூட வரமாட்டேன்.”

திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன், வராந்தா ஓரத்தில் அவள் முன்னால் உட்கார்ந்து, அம்மா பேசியதைப் போல உதடு தெரியும்படி சொன்னேன். விசில் எடுத்துவந்ததை, பின்னால் நின்று ஊதியதை, சொல்லாமல் இருந்ததை. சொல்லிமுடிக்கும் வரை அவள் என் வாயையே பார்த்தாள்.

“தெரியும்,” என்றாள். “நீ ஊதுனப்ப எனக்க கழுத்துல காத்து பட்டுது.”

ஏன் திரும்பவில்லை என்று கேட்டேன். திரும்பினால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்ததாகச் சொன்னாள். என் முகம் எப்படி இருந்ததோ, அவளே என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று முதல் டீச்சர்கள் பலகைப் பக்கம் திரும்பிப் பேசுவதை எல்லாம் நான் அவளுக்குத் திரும்பச் சொன்னேன். ஏழாம் வகுப்பு வரை சொன்னேன். அந்த மூன்று வருஷத்தில் ஓட்டத்தில் நான் ஒருமுறைகூட அவளை ஜெயிக்கவில்லை. இப்போது அவள் அதியன்னூரில் தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். காதில் கருவி உண்டு. இரைச்சல் அதிகமானால் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறாள், நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அந்தத் திங்கட்கிழமையை இன்னும் கொஞ்சம் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். நாங்கள் இருவரும் வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது, மைதானத்தில் அம்மா, மணி அடிக்கக் காத்திராமல், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நொண்டியடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். விழா முடிந்துவிட்டது, அதிகாரி வந்து போய்விட்டார், இனி அடுத்த விழா வரை யாரும் பார்க்கப்போவதில்லை. அம்மா முன்னால் ஒற்றைக் காலில் சாடிச் சாடிப் போக, பின்னால் முப்பது பிள்ளைகள் விழுந்தும் எழுந்தும் போனார்கள். தடித்த ஒரு பையன் இரண்டு சாட்டத்துக்கு ஒருமுறை மற்றக் காலை ஊன்றிவிடுவான். அம்மா அவனுக்காகத் திரும்பி வந்து, அவன் பக்கத்திலேயே நின்று, அவனோடு சேர்ந்து சாடினாள். மூன்று. நாலு. ஐந்து. ஐந்தாவதில் அவன் காலை ஊன்றாமல் நின்றான், ஆடினான், நின்றுவிட்டான். அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கைதட்டினாள்.

அடுத்த வருஷம் பிள்ளையைச் சேர்க்க விசாரித்து வந்திருந்த ஒருவர் படியருகே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை. சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைக் கேட்டார்.

“அது ஆரு மக்கா, சேலையையும் தூக்கிக் குத்திட்டு பிள்ளையளுக்கு கூட சாடுதது?”

நான் எழுந்து நின்றேன்.

“எனக்க அம்மையாக்கும்,” என்றேன்.